முதல் கரண்டிக்குப் ‘போதும்’

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். அவருக்கும் முன்னால் ஒரு ரசம் இருந்தது. ரசத்தைத் தாண்டி அரசரிடம் போக எனக்கு வழி தெரியவில்லை. “ரசம் எப்படி இருக்கு?” என்று என் மனைவி செங்கமலம் கேட்டாள். “சூடா இருக்கு” என்றேன். அவள் உப்பை எடுத்துவந்து வைத்தாள். அன்று மாலை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அந்த வாரமே போய்விட்டாள்.

நான் அரண்மனை விகடகாரன். சிரிக்கவைப்பது பிழைப்பு. காரியம் முடிந்து அவைக்குத் திரும்பினால், அரசர் தாம் இயற்றிய வெண்பாவை ஓலையோடு நீட்டிக் கருத்துக் கேட்டார். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றேன். மகிழ்ந்துபோனார். அந்தப் பாராட்டுக்கு என்ன பொருள் என்று அமைச்சர் வேளாதித்தர் பிறகு அவர் காதில் விளக்கினார். மறுநாளே ஆணை பிறந்தது: இனிச் சொன்னதுதான் பொருள், சொன்னது உண்மையில்லை என்றால் நாடு கடத்தல்.

ஆணையை வாசித்து முடித்த வேளாதித்தர் என் பக்கம் திரும்பினார். “நலமா, காளத்தி?”

“நலம்” என்றேன். அவ்வளவு புத்திசாலி நான்.

“மனைவியைப் பறிகொடுத்தவன் நலம் என்கிறான். பொய், மன்னா.”

பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்றார் அரசர். ஊர் போனால் போகட்டும். அவள் புழங்கிய வீடு ஒன்றுதான் எனக்கு மிச்சம். கடைசியாக அரசரோடு ஒருவேளை உண்ண அனுமதி கேட்டேன். இரங்கினார்.

பந்தியில் பரிமாறுபவனுக்குப் புது ஆணையை நினைவூட்டினேன். அரசர் இலையில் முதல் கரண்டி சோறு விழுந்தது. கையால் மறித்துப் போதும் என்றார். முதல் கரண்டிக்கே மறிக்காதவனை எங்கள் நாட்டில் தீனிப்பண்டாரம் என்பார்கள். பரிமாறுபவன் நகர்ந்துவிட்டான். குழம்பும் அப்படியே போயிற்று. பாயசம் வந்த வழியே திரும்பியது. அரசரைவிட மரியாதை தெரிந்தவராய், கரண்டி சாயுமுன்பே மறித்திருந்த வேளாதித்தர் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காளத்தி, எமக்குப் பசிக்கிறது.”

“அப்படியானால் தாங்கள் சொன்ன ‘போதும்’ பொய், மன்னா. மாலையில் சேர்ந்தே எல்லைக்கு நடக்கலாம். அமைச்சருக்கும் பசிதான், துணைக்கு வருவார்.”

“பந்தியில் போதும் என்றால் போதும் என்றா பொருள்?”

“அமைச்சர் நலமா என்றபோது நலத்தையா கேட்டார்?”

அரசர் இலை அதிரச் சிரித்தார். ஆணை அங்கேயே ரத்தாயிற்று. என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். அரசருக்குப் பாடம் ஏறிவிட்டது போலும். மறுநாள் ஒரு வண்டி நெல்லும் பட்டுப்புடவையும் வந்து இறங்கின. பரிசு பெறுபவன் மனைவிக்குப் புடவை தருவது அரண்மனை வழக்கம், யாரும் யோசிக்கவில்லை. வண்டிக்காரரிடம் நல்ல நிறம் என்று சொல்லி வாங்கி வைத்தேன்.

எங்கள் வாசற்கதவு இன்னும் தரையில் உரசுகிறது. அவள் சாத்தியதுபோலவே கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும்.