டங்ஸ்டனைக் கட்டிப்போட்ட முன்னேற்றக் குழு

மொட்டக்கல்லூரில் முன்னேற்றக் குழு என்று ஒன்று இருந்தது. நான்கு பேர்: தலைவர் தவசிலிங்கம், அப்புறம் சுருளி, அய்யாவு, பரஞ்சோதி. தனித்தனியாக முட்டாளாக இருப்பது போதாதென்று சங்கமாகப் பதிவு செய்துகொண்டவர்கள்.

ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றை ஆராய வந்த கனிம அதிகாரி வெண்மதி, கிளம்பும்போது இவர்களிடம்தானா சொல்ல வேண்டும்!

“இங்க டங்ஸ்டன் இருக்கலாம். அது சுவீடன்காரங்க சொல். டங்னா கனம், ஸ்டேன்னா கல். கருப்பா, கனமா ஒரு கல் தேடி வைங்க. வியாழக்கிழமை வர்றேன். அதுதான்னு தெரிஞ்சா ஊருக்கு ரோடு வரும், வேலை வரும்.”

மறுநாளே குழு கரடு ஏறியது. அய்யாவு கைப்பிடி அளவில் ஒரு கருப்புக் கல்லை எடுத்தான்.

“அண்ணே, துளியூண்டு கல்லு, மணிக்கட்டே தொங்குது!”

“தூக்கிட்டியா?” என்றார் தவசிலிங்கம்.

“தூக்கிட்டேன்.”

“தூக்க முடிஞ்சா அது என்னய்யா கனம்? வீசு!”

வீசினான். குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் ‘டொபுக்’ என்றது. ரோடும் வேலையும் முழுகிய சத்தம் அது. நால்வரும் கைதட்டினார்கள்.

பிறகு யானை அளவு பாறை ஒன்றைக் கண்டார்கள். நாலு பேரும் முட்டித் தள்ளியும் அசையவில்லை. சுருளிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. “இதேதான்!” என்றார் தலைவர். பரஞ்சோதி வெண்மதிக்குப் போன் போட்டான்.

“மேடம், கல்லு கிடைச்சிருச்சு. நிச்சயப்படுத்த ஏதும் வழி இருக்கா?”

“அதெல்லாம் லேப்லதான். டங்ஸ்டனுக்கு வுல்ஃப்ரம்னு இன்னொரு பேர் இருக்கு. ஓநாய் பேரு. அந்தக் காலத்து ஜெர்மன் சுரங்கக்காரங்க வச்சது. ஓநாய் ஆட்டை முழுங்கற மாதிரி, உருக்கும்போது வெள்ளீயத்தை முழுங்கிடுமாம்.”

குழு உட்கார்ந்து யோசித்தது.

“வெள்ளீயத்துக்கு எங்க போறது?” என்றான் அய்யாவு.

“ஆடு இருக்குல்ல,” என்றார் தவசிலிங்கம்.

சுருளியின் ஆட்டைப் பாறையோடு கயிற்றால் கட்டினார்கள். அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நால்வரும் திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆடு நிதானமாகக் கயிற்றைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிற்று.

கண் திறந்தால் ஆட்டைக் காணோம்.

“முழுங்கிருச்சு!” பரஞ்சோதி ஆனந்தக் கண்ணீர் விட்டான். “ஒரு எலும்புகூட மிச்சமில்ல!”

அந்த நேரம் பார்த்து, சுருளியின் மனைவி காந்திமதி ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“அறிவுகெட்டதுகளா! ஆட்டை எவன் அவிழ்த்துட்டுப் போனது?”

தவசிலிங்கம் ஆட்டைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

“இந்த ஆடு தப்பிச்சு ஓடியிருக்கு. அப்ப ஓநாய் இன்னும் பசியாத்தான் இருக்கு. ஏய், ஊர்ல பிள்ளைகுட்டி இருக்குடா! நாம கட்ட வேண்டியது ஆட்டையா, ஓநாயையா?”

வியாழக்கிழமை வெண்மதி கரடு ஏறி வந்தபோது, பாறையில் மூன்று சுற்று இரும்புச் சங்கிலி கட்டியிருந்தது. மறுமுனையைப் பிடித்தபடி நால்வரும் வியர்க்க விறுவிறுக்க நின்றார்கள்.

“கிட்ட வராதீங்க மேடம்,” என்றார் தவசிலிங்கம். “இன்னும் ஆள் பழகல.”