பெட்ரோல் வடிகட்டிய கல்யாண வேட்டி

கூழாங்குளத்தாருக்குப் புத்தி இல்லை என்பது வீண் பழி. இருக்கிறது, செலவாகிவிடக் கூடாதென்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊர்ப் பூவலிங்கத்துக்கு முப்பத்தொன்பது வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. மாப்பிள்ளை காரில்தான் வர வேண்டும் என்றார் மாமனார். பூவலிங்கத்தின் பழைய காரோ பத்தடிக்கு ஒருமுறை இருமியது. இந்தப் பெண்ணும் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து போனை எடுத்தான்.

டவுன் மெக்கானிக் போனில் சொன்னார்: "டேங்க்ல துரு. காலி பண்ணி, கழட்டிக் கழுவி, வெயில்ல காய வைங்க. புது பெட்ரோலை நல்ல வெள்ளைத் துணியில வடிகட்டி ஊத்துங்க."

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, கூட்டாளிகள் சங்கிலியும் தவசியும் காலி செய்யக் கிளம்பினார்கள். பெட்ரோல் தீரும் வரை ஓட்டி, எங்கோ காட்டில் நின்றதும், மதியம் வரை தள்ளிக்கொண்டே திரும்பினார்கள்.

கழுவிய டேங்கை வெயிலில் வைத்ததும் சங்கிலிக்குச் சந்தேகம் வந்தது.

"வெயில் மேலதானே படுது? உள்ள எப்படிக் காயும்?"

பூவலிங்கம் தலைசீவும் கண்ணாடியைக் கொண்டுவந்து, டேங்கின் வாய்க்குள் பொழுது சாயும் வரை வெயிலைத் திருப்பிவிட்டார்கள்.

விடிந்ததும் பெட்ரோல் வந்தது. வெள்ளைத் துணிக்கு மூவரும் தங்கள் வேட்டிகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றையும் வெள்ளை என்று சொல்ல மனசாட்சி இடம் தரவில்லை. மிச்சமிருந்தது கல்யாண வேட்டி.

கார் குதிரையாகப் பறந்தது. மாப்பிள்ளை நேரத்துக்கு முன்பே மணவறையில் உட்கார்ந்துவிட்டான். ஹோமம் வளர்க்கத் தீப்பெட்டியை எடுத்த ஐயர், மூக்கை உறிஞ்சிவிட்டு எழுந்து ஓடினார்.

"மாப்பிள்ளை மேல பெட்ரோல்! நெருப்பைக் கிட்டக் கொண்டுவராதீங்கோ!"

"அக்கினி சாட்சி இல்லாம என் பொண்ணைத் தர மாட்டேன்," என்றார் மாமனார். பூவலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

சங்கிலி தாடையைச் சொறிந்தான். "கோர்ட்டுல சாட்சி தள்ளித்தானே நிக்குது?"

மாமனாரும் பக்கத்து ஊர்க்காரர்தான், அதே குளத்துத் தண்ணீர் குடித்தவர். "நியாயந்தான். ஆனா கண்ணால பாக்காத சாட்சி செல்லாது," என்றார்.

தெருமுனை தாண்டி ஹோமம் வளர்த்தார்கள். காரிலேயே போட்டு வந்திருந்த அந்தத் தலைசீவும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு சங்கிலி முனையில் நின்றான். முகூர்த்தம் முடியப்போகிறது, பூவலிங்கம் தாலியும் கையுமாகக் காத்திருந்தான்.

நெருப்புக்குப் பக்கத்தில் குனிந்து, அது பார்க்கிற பக்கமே பார்த்த தவசி கத்தினான்:

"மாப்பிள்ளை தெரியுறாரு! பொண்ணுதான் தெரியல, கொஞ்சம் சாய்ச்சுப் பிடி!"