முதலைக்கு ஆவி பிடித்த வஞ்சிக்கொடி

நெடுங்காலத்துக்கு முன்னே, மந்திரவாதிகள் பட்டப்பகலில் நடமாடிய செம்பொழில் நாட்டிலே மருதப்பன் என்றொரு ஓடக்காரன் இருந்தான். அவன் மனைவி வஞ்சிக்கொடி.

ஒருநாள் மந்திரவாதி கார்முகன் துறைக்கு வந்தான். "எல்லாரையும் இறக்கிவிடு. நான் மட்டும் போகவேண்டும்" என்றான். ஓடத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். மருதப்பன் மறுத்துவிட்டு, அவளை அக்கரை சேர்த்தான். திரும்பி வந்தவனைக் கார்முகன் மந்திரக்கோலால் தொட்டு முதலையாக்கிவிட்டான்.

"மலையுச்சியில் நீலநொச்சி மூன்று பிடி இருக்கிறது. அதுதான் மருந்து. பக்குவம்தான் எவருக்கும் தெரியாது" என்று வஞ்சியிடம் சிரித்தான். "பௌர்ணமி வந்தால் பேச்சு மறப்பான், உன்னையும் மறப்பான்."

வஞ்சி மலையேறிப் பறித்து வந்தாள். முதல் பிடியை இடித்துச் சாறு பிழிந்து முதலையின் வாயில் ஊற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"போகட்டும் வஞ்சி. நான் உன்னை மறக்கலை" என்றது முதலை.

இரண்டாம் பிடியைக் கரையிலேயே அடுப்பு மூட்டி, சுண்டக் காய்ச்சிக் கஷாயமாகக் கொடுத்தாள். உடம்பு மாறவில்லை.

"வஞ்சி... மறக்கலை" என்று குழறியது முதலை.

அப்போதுதான் கவனித்தாள். அடுப்போரம் நீட்டியிருந்த மூக்கு நுனியில் செதில் உதிர்ந்து மனிதத் தோல் தெரிந்தது.

"ஆவி பட்ட இடம். வீரியத்தையெல்லாம் காய்ச்சிக் காய்ச்சிக் காற்றில் விட்டிருக்கேனே" என்றாள்.

பௌர்ணமியன்று முதலை உறுமியது. பேச்சு இல்லை. வஞ்சி மூன்றாம் பிடியை மூடிபோட்ட பானையில் கொதிக்கவைத்து, பானையையும் ஒரு கம்பளியையும் எடுத்துக்கொண்டு முதலையை நெருங்கினாள்.

"அது இப்ப வெறும் முதலை. போகாதே தாயி" என்று ஊரார் தடுத்தார்கள்.

"மந்திரவாதிக்கே பணியாத என் வீட்டுக்காரர் அவர்" என்று சொல்லிவிட்டு, முதலையோடு கம்பளிக்குள் நுழைந்தாள்.

மணிக்கட்டில் பல் பதிந்தது. அவள் கையை இழுக்கவில்லை. மறுகையால் மூடியைத் திறந்தாள். ஆவி குபுகுபுவென்று எழுந்தது. பல்லின் பிடி தளர்ந்தது. யாரோ இருமினார்கள். கம்பளியை விலக்கினால், வியர்த்துக் கொட்ட மருதப்பன் உட்கார்ந்திருந்தான். அந்தக் கணமே கார்முகனின் மந்திரக்கோல் சாம்பலாகி உதிர, அவன் நாட்டைவிட்டே ஓடினான்.

செய்தி கேட்டு அரசர் துறைக்கே வந்தார். "எந்த வைத்தியர் இதைச் செய்தார்?"

"என் பெண்டாட்டிங்க, மகாராஜா" என்றான் மருதப்பன், நெஞ்சு நிமிர்த்தி.

அரசர் அந்த மலையை வஞ்சிக்கே கொடுத்து, ஆற்றோரம் மருத்துவச்சாலையும் கட்டித் தந்தார். ஓடத்தில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும், "அதோ தெரியுதே, அது எங்க வஞ்சியோட மருத்துவச்சாலை" என்று காட்டாமல் மருதப்பன் ஒருநாளும் துடுப்பைத் தொட்டதில்லை.