ஏடுகள் தூங்கும் சத்தம்

முன்னொரு காலத்தில், இப்போது பெயர்கூட மிஞ்சாத ஒரு நாட்டில், ஒரு காலை வேளையில் அரசாங்கச் சுவடிச்சாலைக்குள் இருந்தவர்கள் இவர்கள்: கனவு கண்டு கெட்டுப்போன அரசர் மாறவேள். சுவடிகளின் தலைமைக் காப்பாளர் அகளங்கப் பண்டிதர். இருமலை அடக்கிக்கொண்டு நின்ற படைத்தலைவர். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஏடு படித்துச் சொல்லும் சாத்தப்பன். மருத்துவச்சி பேச்சாயி. வாசல் ஓரத்தில், வெறுங்காலோடு, விகடகவி கொண்டலான். ஒருவரும் பேசவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

மூன்று நாளுக்கு முன் அரசர் ஒரு கனவு கண்டார். கனவில் இதே சுவடிச்சாலை. ஆள் நடமாட்டம் இல்லை. தூண்களுக்கு நடுவே வெளிச்சம் தண்ணீர்போல் தேங்கிக் கிடந்தது. அடுக்கிவைத்த ஏட்டுக் கட்டுகள் தூங்குகிறவர்களின் மார்புபோல மெல்ல ஏறி இறங்கின. எழுத்துகள் மூச்சு விடும் சத்தம் அவருக்குக் கேட்டது. விழித்ததும், அந்தச் சத்தத்தை மறுபடி கேட்டே ஆக வேண்டும் என்றார். அரசர்களுக்குக் கனவு வந்தால் வேலை மற்றவர்களுக்குத்தான்.

பண்டிதர் இப்படி ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தார். ஒரு வருஷத்துக்கு முன் அரசரிடம் பேசி, நகரத்து ஜனங்களுக்கும் சுவடிச்சாலையைத் திறக்க வைத்தவன் கொண்டலான். குயவரும் தட்டாரும் மீன் விற்கிறவர்களும் வந்து சாத்தப்பனைச் சுற்றி உட்கார்ந்து ஏடு கேட்டார்கள். அன்றிலிருந்து பண்டிதருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காலைக்கு முந்தின நாள் அவர் அரசர் முன் வந்து நின்றார்.

"மன்னர் பெருமானே, எழுத்துகள் உறங்க வேண்டுமானால் ஒலி அடங்க வேண்டும். சுவடிச்சாலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு நடத்தைச் சட்டம் எழுதித் தருகிறேன்" என்றார் பண்டிதர். "அதைக் காக்கும் பொறுப்பு, ஜனங்களை உள்ளே விடச் சொன்னவருக்கே இருக்கட்டும். சத்தம் போடுகிறவர்களைக் கொண்டலான் வெளியேற்ற வேண்டும். ஒருவரை விட்டுவைத்தாலும் கொண்டலானே நாட்டை விட்டுப் போகட்டும். சுவடிச்சாலையை ஜனங்களுக்கு மூடிவிடலாம்."

"பண்டிதர் என்மேல் வைத்திருக்கும் அன்பை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது" என்றான் கொண்டலான்.

அரசர் சிரிக்கவில்லை. கண் இன்னும் கனவில் இருந்தது. "நாளை உதயத்திலிருந்து சட்டம் செல்லும்" என்றார்.

சட்டம் எழுத அமைதி வேண்டும் என்று பண்டிதர் அன்று மதியமே சுவடிச்சாலையைப் பூட்டிவிட்டார். பூட்டைப் பார்த்துவிட்டுப் பேச்சாயி நேராகக் கொண்டலான் வீட்டுக்கு வந்தாள்.

"கொல்லன் மருமவளுக்கு நாளைக்கு வலி எடுத்துரும்யா. புள்ள குறுக்கால கெடக்கு. திருப்பிவிடுற மொறைய எங்காத்தா பாதிதான் சொல்லிக் குடுத்தா, அதுக்குள்ள போய்ச் சேந்துட்டா. மீதி சுவடிச்சாலையில இருக்குற வைத்திய ஏட்டுல இருக்கு. சாத்தப்பன் வாயத் தொறந்தா நீதான் அவன வெளிய தள்ளணுமாமே?"

"ஆமா."

"தள்ளுவியா?"

"தள்ளித்தான் ஆகணும். நீ காலையில வந்து உக்காரு. என்ன நடந்தாலும் வாயத் தொறக்காத. சாத்தப்பன்கிட்டயும் சொல்லிரு."

"புள்ளகிட்ட என்ன சொல்றது?"

"ஒரு நாழிகை பொறுக்கச் சொல்லு."

அவள் அவனை முறைத்துவிட்டுப் போனாள். கொண்டலான் ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய் எடுத்துக்கொண்டு போய், சுவடிச்சாலைக் கதவின் கீல்களுக்கெல்லாம் விட்டான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஜனங்களில் பாதிப்பேருக்குப் படிக்கத் தெரியாது என்பதால், எந்தச் சட்டத்தையும் அது பிறந்த அன்றே, அது நடக்க வேண்டிய இடத்தில் நின்று, எழுதியவரே கடைசி வரிவரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். படிக்கப் படிக்க ஒவ்வொரு விதியும் உயிர் பெறும்; ஆனால் அன்றைக்குள் படித்து முடிக்காவிட்டால் முழுச் சட்டமும் செல்லாது.

ஆகவே மறுநாள் காலையில் பண்டிதர் கூடத்தின் நடுவில் வந்து நின்றார். ஓலையில் பதினோரு விதிகள் இருந்தன. சாளரத்து வெளிச்சத்தில் தூசி இறங்கிக்கொண்டிருந்தது, இறங்க அவசரமில்லாத மாதிரி. பண்டிதர் ஒருமுறை சாத்தப்பனைப் பார்த்தார். அவன் எப்போது வாயைத் திறப்பான் என்று பார்ப்பதில் அவருக்கு ஒரு ருசி. பிறகு கணீரென்று படித்தார்.

"முதல் விதி. இச்சுவடிச்சாலைக்குள் ஒலி எழுப்புகிறவர் எவராயினும் உடனே வெளியேற்றப்படுவார். அன்றைய பொழுதுக்குள் அவர் மறுபடி உள்ளே வரலாகாது."

கொண்டலான் வந்தான். கால் சத்தம் இல்லை. மணமகனை அழைத்துப் போவதுபோல் பண்டிதரின் முழங்கையைப் பிடித்து, ஓலையோடு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தினான். கீல்கூட முனகவில்லை.

"கொண்டலா, இதென்ன?" என்றார் அரசர்.

கொண்டலான் குனிந்து வணங்கினான். அரசரின் முழங்கையையும் பிடித்தான். அடுத்த கணம் அரசரும் வெளியே வாசல் படிக்கட்டில் நின்றார். அதைப் பார்த்த படைத்தலைவருக்குச் சிரிப்பும் இருமலும் ஒன்றாக வெடித்தன. அவரும் படிக்கட்டுக்கு வந்தார். உள்ளே மிஞ்சியவர்கள் சாத்தப்பனும் பேச்சாயியும்தான். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கொண்டலான் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, அதன்பிறகே பேசினான். "இனிக் கேளுங்கள்."

"நான் சட்டத்தை அல்லவா படித்தேன்?" என்றார் பண்டிதர்.

"சத்தமாகப் படித்தீர்கள்."

"சட்டம் படிக்கும் குரலுக்கு விலக்கு உண்டு."

"எத்தனையாவது விதியில்?"

பண்டிதர் ஓலையை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு கீழிருந்து மேலே பார்த்தார். "பன்னிரண்டாவதாக எழுதிக்கொள்கிறேன்."

"தாராளமாக எழுதலாம். ஆனால் உள்ளே நின்று படிக்க வேண்டும். தாங்களோ இன்று உள்ளே வர முடியாது. நான் விட்டால் என்னை நாடு கடத்துவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, பண்டிதரே."

அரசர் புருவத்தைச் சுருக்கினார். "அப்படியானால் சட்டம்?"

"பிறந்த அன்றே படித்து முடிக்காதது செல்லாது, மன்னா. சத்தம் கூடாது என்ற சட்டத்தைச் சத்தமில்லாமல் படிக்கத் தெரிந்தவர் கிடைக்கும்வரை இதுதான் கதி."

"என்னையும் வெளியே தள்ளினாயே?"

"எவராயினும் என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். யாரை மனதில் வைத்து எழுதினார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்."

அரசருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. கடைசியில் தம் சொந்தச் சுவடிச்சாலையின் படிக்கட்டில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சட்டம் செத்தது. கதவைத் திற" என்றார்.

சாத்தப்பன் ஏட்டை அவிழ்த்துப் படித்தான். பேச்சாயி உதடசைத்து ஒவ்வொரு வரியையும் வாங்கிக்கொண்டாள். இரண்டாம் முறை படித்து முடித்ததும் எழுந்தாள். "வாரேன் சாமி, நேரமில்ல" என்று அரசரைக் கும்பிடக்கூட நிற்காமல் போனாள். பிற்பகலில் செய்தி வந்தது. பெண் குழந்தை. தெருவையே எழுப்பும் குரல்.

அரசர் பண்டிதரின் இடுப்பிலிருந்த சாவியை வாங்கிக் கொண்டலானிடம் கொடுத்தார். "இனி இது உன்னிடம் இருக்கட்டும். நடத்தை விதியையும் நீயே எழுது."

கொண்டலான் ஒற்றை ஓலையில் எழுதி, கூடத்தில் நின்று படித்தான். "கை கழுவிவிட்டு வா. எச்சில் தொட்டு ஏடு புரட்டாதே. அவிழ்த்ததைக் கட்டி, எடுத்த இடத்தில் வை. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி படி. அடுத்த தூணுக்குக் கேட்க வேண்டாம்."

"எல்லாம் சரி" என்றார் அரசர். சிரிப்பு போய், பழைய கனவு முகத்துக்கு வந்திருந்தது. "நான் கேட்ட சத்தம்?"

"கனவில் ஆட்கள் இருந்தார்களா?"

"இல்லை."

"ஏடுகளும் கூலிக்காரர்கள் மாதிரிதான், மன்னா. பகலெல்லாம் யாராவது படித்திருந்தால்தான் அசந்து தூங்கும். தாங்கள் நேரம் தவறி வந்திருக்கிறீர்கள்."

மாலை வெயில் சாயும்வரை ஜனங்கள் வந்தார்கள், படித்தார்கள், கட்டி வைத்தார்கள், போனார்கள். கடைசி ஆளும் போன பிறகு அரசர் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். தூண்களுக்கு நடுவே மஞ்சள் வெளிச்சம் தேங்கிக் கிடந்தது.

"எப்போது திறப்பாய்?" என்று கேட்டார்.

"காலையில்."

"நடுவில் கூப்பிட்டால்?"

"கூப்பிட்டால் விழித்துவிடுமே, மன்னா."

அரசர் சிரிக்கப்போய், கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுக்குகளின் பக்கம் திரும்பி, குதிகாலைத் தூக்கி நடந்தார். கொண்டலான் அவருக்குப் பின்னால் கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, பூட்டினான்.