நௌயா வரையாத ஆள்

ஒரு ஊர்ல ஒரு நௌயா இருந்தா. நம்ம ஊர் மாதிரி இல்ல அது. வடக்க, வடக்குக்கும் வடக்க, கடலே உறைஞ்சு பாறையா கெடக்குற எடம். அங்க இருக்கற சனங்களை இனூட்னு சொல்லுவாங்க. ம் கொட்டுடா குட்டி, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

நௌயா அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ. படம் நல்லா வரைவா. மனுஷங்க, கடல்நாய், திமிங்கலம், இதுங்கதான் அவ படம். அதைத் தூகாக்னு ஒரு வயசாளி கல்லுல செதுக்குவார். டொக்கு டொக்குனு சுத்தி இருக்கறதைக் கொத்தி எடுத்துட்டா, படம் மட்டும் மேடா நிக்கும். அது மேல மை தடவி, மெல்லிசு காயிதத்தைப் போட்டு, தேய் தேய்னு தேய்ச்சு, சர்ர்ருனு உரிச்சா அச்சு விழுந்திருக்கும்.

அப்புறம் ஒரு நாள், கடல்நாயைத் தடவிக் குடுக்கற ஒரு பொம்பளைய வரைஞ்சு குடுத்தா நௌயா. அச்சை உரிச்சுப் பாத்தா, பனிக்கு அடியில, சுண்டுவிரல் உசரத்துக்கு ஒரு ஆள். தலைகீழா தொங்குறான். மூஞ்சி இல்ல, முதுகுதான் தெரியுது.

"இதை நான் வரையலியே அண்ணே," ன்னா.

"கொத்தாம விட்டுப்போச்சும்மா," ன்னார் தூகாக், அவளைப் பாக்காம.

விட்டுப்போன கல்லுக்குக் கையும் காலும் இருக்குமா? நௌயா வீட்டுக்கு வந்துட்டா.

அப்புறம் வால்ரஸ் வரைஞ்சா. ரெண்டு நீளத் தந்தம், முள்ளு முள்ளா மீசை. அதுலயும் வந்து நின்னான் அந்த ஆள்.

"அந்த எடத்துல கல்லு கெட்டிம்மா," ன்னார்.

அவ புருஷன் அமருக், பனி மேல வேட்டைக்குப் போறவன். நம்ம ஆளு சாகணும்னுதான் இப்படித் தண்ணிக்குள்ள எறக்கி வெக்கிறாரோன்னு நெனச்சா. பக்கத்து வீட்டுல கேட்டா. அவங்க பேச்சை மாத்துனாங்க. எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் மறைக்கிறாங்கன்னு நெனச்சா. அன்னைக்கிலேருந்து தூகாக் குடுத்த மீனைக்கூட அவ அடுப்புல ஏத்தல.

ம்? தூங்கலியே? சரி.

மூணாவதா திமிங்கலம். அந்த சமயம் வேட்டைக்குப் போன அமருக், ரெண்டு நாள்ல வரவேண்டியவன், நாலு நாளா வரல. காலையில நௌயா விடுவிடுன்னு போய்க் கல்லைப் பாத்தா. அதே ஆள், இந்தத் தடவை இன்னும் பெருசா. உளிய எடுத்துட்டா.

"இது என் புருஷன்தானே? நெசத்தைச் சொல்லுங்க."

தூகாக் மை தடவியிருந்த கல்லு மேல ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சு வெச்சார். "கொத்தாத நௌயா. அது என் தம்பி."

நீ இங்க வர்றதுக்கு முன்னாடி பனி ஒடைஞ்சு உள்ள போனான், எனக்காக யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டாங்க, அங்க தனியா கெடக்கான், உன் மிருகங்கள்லாம் உசிரா இருக்கேன்னு தொணைக்கு வெச்சேன், கேட்டா நீ வேணாம்னுருவே. அவ்வளவுதான் சொன்னார்.

அவ உளிய எறக்கல. இதுவும் பொய்யா இருந்தா?

அப்போ தூரத்துல லொள் லொள்ளுனு நாய்ச் சத்தம். நாய் இழுக்கற பனிவண்டி! நௌயா திரும்புறதுக்குள்ள தூகாக் கையில மையோட கரைக்கு ஓடிட்டார். அவருக்குப் பின்னாலதான் அவ ஓடுனா. அமருக்கேதான். பனி கடிச்சு ஒரு காது கறுத்துப்போயி, பசியில வாடி வந்து நிக்கிறான். தூகாக் அவன் ரெண்டு தோளையும் தொட்டுப் பாத்துட்டு, நடந்து போயிட்டார். அவன் சட்டையில பத்து வெரலும் மையா பதிஞ்சிருந்துச்சு. நமக்கு முன்னாடி ஓடி வந்த கையாச்சேன்னு அதைப் பாத்துட்டே நின்னா நௌயா.

மறுநா அவளே போனா. "உங்க தம்பி மூஞ்சி எப்படி இருக்கும் அண்ணே?"

அவர் உளியக் கீழ வெச்சார். "மறந்துபோச்சும்மா. அதான் முதுகு."

"நடை?"

"வலது காலை லேசா இழுப்பான்."

அவ காயிதத்தை எடுத்து வரைஞ்சா. கடலுக்கு அடியில ஒரு ஆள் நேரா நிமிந்து, ஒரு காலை இழுத்து இழுத்து நடக்குறான், திமிங்கலம் அவன் வேகத்துக்குக் கூடவே போகுது.

தூகாக் குனிஞ்சு பாத்தார். "அவன்தான்," ன்னார்.

அவ்வளவுதான் குட்டி. அவங்க அங்க இருக்கட்டும், நீ இங்க கண்ணை மூடு.