முதல் காப்பு

தென்காசிப் பக்கம் ஒரு தெருவில் நடந்தது இது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

செண்பகத்தின் மகள் ஆவுடைக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே இடக்கை மடங்கிக் கிடக்கும், நடை சாயும், பேச்சு மெதுவாக வரும். எதிர்வீட்டு மருமகள் முத்தரசிக்கு வளைகாப்பு நாள் குறித்தார்கள். கண்ணாடி வளையலுக்கு முன்னால் கையில் வைத்து முடிகிற வேப்பங்காப்பை நீதான் செய்து தர வேண்டும் என்று அவள் ஆவுடையிடம் சொல்லிவைத்தாள். ஆவுடைக்குத் தலைகால் புரியவில்லை. வேம்பின் இளங்குச்சியை அம்மாவின் மணிக்கட்டில் வலக்கையால் வளைத்து, பல்லால் நூலை இழுத்து முடிந்து, பத்து நாள் பழகினாள். நானே போட்டுவிடுவேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தாள்.

விசேஷத்தன்று காலையில் முத்தரசியின் மாமியார் வேலம்மாள் வந்தாள். கெட்ட மனுஷி இல்லை. ஆவுடைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கஞ்சியோடு வருகிறவள். இன்றும் ஐந்து வகைச் சோற்றைத் தூக்குவாளியில் கொண்டுவந்து வைத்தாள்.

"பிள்ளைய எதுக்கு அலைய விடணும்? காப்பை மட்டும் குடுத்துவிடு, செண்பகம்."

செண்பகத்துக்கு விஷயம் புரிந்தது. போன வருஷம் வேறொரு வளைகாப்பில் ஆவுடை நுழைந்ததும், யாரோ ஒருத்தி கர்ப்பிணியின் கண்ணை முந்தானையால் மூடினாள். பார்த்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் அப்படி ஆகிவிடுமாம். செண்பகம் அதை மறக்கவில்லை. காப்பும் வராது, நாங்களும் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, தெருக்கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள். இன்னொரு முறை என் பிள்ளையைப் பார்த்து யாரும் கண்ணை மூட வேண்டாம் என்று நினைத்தாள்.

நல்ல நேரம் நெருங்கியபோது கொல்லைப்புறமாக முத்தரசியே வந்தாள், பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி, மூச்சு வாங்க. யாருக்கும் தெரியாமல் இங்கேயே போட்டுவிடு என்று ஆவுடையிடம் கையை நீட்டினாள். செண்பகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆவுடை காப்பை எடுத்தாள். நீட்டிய கையைப் பார்த்தாள். பிறகு காப்பைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"இங்க வேண்டாம்க்கா. எல்லாரும் போடுத எடத்துல... நானும் போடுதேன்."

சோறு கொண்டுவந்தவள், கதவைச் சாத்தியவள், கொல்லை வழியாக வந்தவள் என்று மூன்று பேர். மூவருக்கும் அந்தப் பிள்ளைமேல் பிரியம்தான். இதில் யார் செய்தது சரி?

விடை: மூவரில் ஒருத்தியும் இல்லை. பிரியத்தை ஒளித்துவைத்துக் காட்டினார்களே தவிர, உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் ஆவுடையைக் கேட்கவில்லை. கேட்காமலே அவள் சொல்லிவிட்டாள். தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. போட்ட செண்பகமே அதை நீக்கினாள். ஆவுடையும் முத்தரசியும் அவளுமாகத் தெருவாசல் வழியாகவே போனார்கள். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முத்தரசி மணையில் உட்கார்ந்து, ஆவுடையைக் கண்ணாரப் பார்த்தபடி கையை நீட்டினாள். ஆவுடை குனிந்து பல்லால் நூலை இழுத்தாள். முடிச்சு விழ வெகுநேரம் பிடித்தது. சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்ற வேலம்மாள், நல்ல நேரம் போகிறதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.