அண்ணனும் தம்பியும் ஒரு பல்லியும்

ஜெசிந்தா ஃபிலிம் கேமராக்களைப் பழுது பார்ப்பவர். படமெடுக்கவும் கற்றுக்கொடுப்பார். அவரிடம் கற்க வந்த பூதலிங்கத்துக்கு ஆசிரியையைவிட இருமடங்கு வயது.

ஒரு நாள் காலை பூதலிங்கம் தம் கேமராவை மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், இதற்குப் பார்வை மங்கிவிட்டது. ஆட்டோ ஃபோகஸ் போச்சு."

கூடவே ஒரு படத்தை நீட்டினார். இடது ஓரம் அவருடைய அண்ணன். வலது ஓரம் அவருடைய தம்பி. இரண்டு முகமும் கலங்கல். நடுவே, மர நிழல் விழுந்த பின்சுவரில் ஒரு பல்லி மட்டும் வால் நுனிவரை தெளிவு.

"பல்லி அருமை," என்றார் ஜெசிந்தா.

"சிரிக்காதீங்க டீச்சர். இரண்டு பேரும் பேசிப் பல வருஷம். கெஞ்சி நிற்க வைத்தேன், ஆளுக்கொரு ஓரம் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை நிற்கச் சம்மதித்திருக்கிறார்கள். அதுவும் கெட்டால் அப்புறம் சேர்ந்து நிற்கவே மாட்டார்கள்."

ஜெசிந்தா கேமராவின் பின்கதவைத் திறந்து ஜன்னல் பக்கம் பிடித்தார். லென்ஸ் துவாரமான அப்பர்ச்சரை 2.8-ல் வைத்துப் பட்டனை அழுத்தினார். லென்ஸில் பெரிய வட்டமாக வெளிச்சம் வந்தது. 16-ல் வைத்து அழுத்தினார். மிளகளவு வெளிச்சம்.

"அப்பர்ச்சர் சொன்னபடி கேட்கிறது."

அடுத்து கேமரா வழியே பூதலிங்கத்தின் மூக்கைப் பார்த்தார். லென்ஸ் கிர்ரென்று சுழன்று நின்றது. வாசல் கேட்டைப் பார்த்தார். மறுபடி சுழன்று நின்றது.

"ஃபோகஸும் சரி. உள்ளே தெரியும் நடு வட்டத்தில் எது இருக்கிறதோ அதைத்தான் இது பார்க்கும். நீங்கள் எங்கே வைத்தீர்கள்?"

"வம்பு எதற்கென்று இரண்டு பேருக்கும் நடுவில்."

"அங்கே பல்லி இருந்தது."

பூதலிங்கம் தலையைச் சொறிந்தார்.

"ஒருவர் முகத்தில் வட்டத்தை வையுங்கள் சார். பட்டனைப் பாதி அழுத்திப் பிடியுங்கள். அப்படியே திருப்பி இருவரையும் உள்ளே கொண்டுவந்து, முழுசாக அழுத்துங்கள்."

"யார் முகத்தில்? நான் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறவன். அண்ணனைப் பார்த்தால், 'எப்பவும் அங்கேதானே பார்ப்பாய்' என்பான் தம்பி. தம்பியைப் பார்த்தாலோ, 'இத்தனை வருஷம் என் வாசப்படி மிதிக்காதவனுக்கு இன்றைக்கு என்ன பார்வை' என்பான் அவனே."

"அதுவும் நியாயம்தானே?"

"யாரையும் பார்க்காமல், அப்பர்ச்சரை 16-க்குச் சுருக்கிவிட்டால்? எல்லாமே தெளிவாகிவிடுமே?"

"அந்த மர நிழலில் அவ்வளவு சுருக்கினால் ஷட்டர் மெதுவாகும். உங்கள் கை ஆடும். மொத்தமும் கலங்கும்."

"அப்போ நான் என்னதான் செய்ய?"

ஜெசிந்தா பின்கதவை மூடி, கேமராவை அவர் கழுத்தில் மாட்டினார்.

"இருவருக்கும் ஒரே தூரத்தில் நில்லுங்கள் சார். அப்புறம் யாரைப் பார்த்தாலும் மற்றவரும் தெளிவாக விழுவார்."

வெளியே வந்த பூதலிங்கம், வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, தம்பி வீட்டுக்குப் போகும் எதிர்ப்பக்க நிறுத்தத்தில் போய் நின்றார்.